சின்னதாகிப்போன சட்டைகள்

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிவாக்கில் குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆளிறக்குவதைப் பார்க்கலாம். ஒரகடத்திலிருந்து வருபவை, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருபவை, சுங்குவார்சத்திரத்திலிருந்து வருபவை. விடியுமுன் வீட்டை விட்டுப் போன ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள், கழுத்தில் ஐடி கார்டோடு, பாதித் தூக்கமும் பாதிப் பசியுமாக இறங்குவார்கள். பெரும்பாலோர் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். சிலர் மட்டும் சாலையைக் கடந்து பல்லாவரம் வண்டிக்கு நிற்பார்கள். கையில் மடித்து வைத்த காலிக் கட்டைப்பை இருந்தால் சந்தைக்குத்தான்.

என் தங்கை குன்றத்தூரில் வீடு வாங்கி வந்தபிறகு எனக்கு இந்தப் பக்கம் போக்குவரத்து அதிகம். அவள் வீட்டுக் கீழ் போர்ஷனில் குடியிருக்கும் பெண் கள்ளக்குறிச்சிக்காரி. செல்போன் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். வீட்டுக்காரர் ஒரகடத்தில், வண்டி உதிரிபாகம் செய்யும் இடத்தில். பெரியவள் யூ.கே.ஜி., சின்னவனுக்கு எட்டு மாதம். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "சும்மாதான இருக்கீங்க, பல்லாவரம் வர்றீங்களாக்கா? பாப்பாவுக்கு ஷூ பாக்கணும்" என்று கூப்பிட்டாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஷூ என்றால் பழைய ஷூ. அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவிக் கூவி அழைத்தும் அவள் அசையவில்லை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போகிற இடத்துக்கு ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் போவதில் என்ன அர்த்தம் என்பது அவள் கட்சி. ஆகவே நின்றோம்.

நிற்கும் நேரத்தில் எனக்குச் சேக்கிழார் ஞாபகம் வந்தது. இந்த ஊர்க்காரர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். ஊருக்குள் இருக்கும் நாகேசுவரர் கோயில் அவர் எழுப்பியது. அவருடைய பெரியபுராணத்தில் பழைய துணி ஒன்றைப் பற்றிய வழக்கு வருகிறது. பழையாறையைச் சேர்ந்த அமர்நீதியார் துணி வணிகர். அடியார்களுக்குக் கோவணமும் உடையும் கொடுப்பதை விரதமாக வைத்திருந்தவர். சிவபெருமான் பிரம்மசாரி வேடத்தில் வந்து ஒரு கோவணத்தை அவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறார். திரும்பி வந்து கேட்டால் அது காணோம். மாயம் செய்தவரே வந்தவர்தான். புதுக்கோவணம் தருகிறேன் என்கிறார் வணிகர். வேண்டாம், என்னுடையதே வேண்டும் என்கிறார் பிரம்மசாரி. கடைசியில் தண்டில் கட்டியிருந்த இன்னொரு கோவணத்தைத் தராசில் வைத்து, இதன் எடைக்குத் துணி கொடு என்கிறார். கடையில் இருந்த துணியெல்லாம் ஏற்றியும் தட்டு இறங்கவில்லை. பட்டு, பொன், மணி எல்லாம் ஏற்றியும் இறங்கவில்லை. மனைவி மகனோடு தானே ஏறி உட்கார்ந்த பிறகுதான் தராசு நேரானது. கட்டியிருந்த துணி மட்டம், கடைத்துணி ஒசத்தி என்கிற கணக்கை ஒரு தராசை வைத்தே கவிழ்த்துவிட்டார் குன்றத்தூர்க்காரர். பழைய துணியை எடைக்கு வாங்குகிற வியாபாரிகள் இருக்கும் சந்தைக்குப் போகிற வழியில் இந்தக் கதை நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

பஸ் வந்தது. உட்கார இடமும் கிடைத்தது.

"ஊர்ல இருந்திருந்தா இந்த அலைச்சலே இல்லக்கா" என்று ஆரம்பித்தாள். அவளுடைய நாத்தனாருக்கு இரண்டு பெண்கள், அண்ணனுக்கு ஒரு பெண். மூன்றுபேரும் இவள் மகளைவிட ஒன்று, இரண்டு, நான்கு வயது மூத்தவர்கள். ஊரில் இருந்தால் கவுன் ஒவ்வொன்றும் படி இறங்கி இறங்கி இவளிடம் வந்துவிடும். பட்டுப்பாவாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் தையற்காரர்கள் பட்டுப்பாவாடைக்கு அடியில் இரண்டு மூன்று டக் பிடித்துத்தான் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட வேண்டியது. ஒருத்தி போட்டு, டக் பிரித்து, மறுபடி போட்டு, அடுத்தவளுக்காகத் திரும்ப டக் பிடித்து, ஒரே பாவாடை நான்கு பெண்களின் கல்யாண வீட்டுப் புகைப்படங்களில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் பழைய துணி என்று சொன்னதில்லை. பெரியம்மா பெண்ணுடைய பாவாடை, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் போடுவதே புதுத்துணி அல்லவே. பத்துப் பதினைந்து தடவை துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைக் கிழித்துத்தான் போடுவார்கள். தூளி, பாட்டியின் நூல் புடவை. நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் ஜபலாவைக் கேட்டு வாங்கி வந்து போடுகிற வழக்கமும் பல வீடுகளில் உண்டு. முன்பிறந்தவை தங்காத வீட்டில் பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பேர் வைத்து, அடுத்த வீட்டில் யாசித்த துணியைப் போட்டு எமனை ஏமாற்றப் பார்த்தவர்கள் நம் முன்னோர். கடைத்துணி குழந்தையின் தோலை உறுத்தும் என்ற அனுபவ அறிவும் இதில் கலந்திருக்கிறது. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் ரசாயனப் பூச்சும் ஏறியிருக்கும்; பழைய துணியில் அவை துவைந்து போயிருக்கும்.

இந்த ஏற்பாடு நிற்பது ஆட்கள் பக்கத்தில் இருப்பதை நம்பித்தான். தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு அண்ணியும் நாத்தனாரும் ஐந்து மணிநேர பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். எதிர்வீட்டில் ஒடிசாக்காரக் குடும்பம், மாடியில் திருவண்ணாமலை, பக்கத்தில் பீகார். ஒவ்வொரு வீட்டிலும் சின்னதாகிப்போன சட்டைகள் ஒரு மூட்டை. கொடுக்கலாமா, கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்ற தயக்கத்தில் மூட்டை பரணிலேயே கிடக்கும். பிறகு ஒருநாள் பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவி வருகிறவரிடம் ஒரு பிளாஸ்டிக் கூடைக்காகப் போய்விடும். அந்தக் கூடைக்காரரின் மூட்டையும் கடைசியில் பல்லாவரம் மாதிரி ஒரு சந்தைக்குத்தான் வருகிறது. பக்கத்து வீட்டுச் சட்டையே அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்து சேருகிறது என்று வையுங்கள்.

குழந்தை வளரும் வேகத்துக்கு எந்தச் சம்பளமும் ஈடுகொடுக்காது. பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் பிள்ளை முதல் பிறந்தநாளுக்குள் 75ஐத் தொட்டுவிடுகிறது; எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் இன்னும் 12 சென்டிமீட்டர் போல. அதன்பின் வருடத்துக்கு ஆறேழு என்று நிதானிக்கிறது. முதல் வருடத்தில் ஒரு சட்டையின் ஆயுள் மூன்று மாதம். கிழிவதற்கு முன்பே சின்னதாகிவிடும். காலும் அப்படியே. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சைஸ் கூடும். அதனால்தான் "வளர்ற புள்ள, பெருசா எடு" என்ற வாக்கியம் எல்லாத் துணிக்கடையிலும் ஒலிக்கிறது. பெருசாக எடுத்த சட்டை பொருந்துவதற்குள் சாயம் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் சாலையைத் துணிக்காகவே யாரோ போட்டார்கள் போலிருக்கிறது. அடையாற்றைத் தாண்டினால் அனகாபுத்தூர். இன்று வாழைநார்ப் புடவைக்காகப் பேசப்படும் ஊர். ஒரு காலத்தில் இங்கிருந்த தறிகள் நெய்தது மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை. ரியல் மெட்ராஸ் கைக்குட்டை என்ற வணிகப் பெயரில் அது கப்பலேறி நைஜீரியா போனது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தத் துணியை இஞ்சிரி என்று அழைத்து, அதில் இழைகளை வெட்டி உருவி வேறு கோலம் செய்து, சடங்குகளுக்கு உடுத்தினார்கள். எழுபதுகளில் நைஜீரியா துணி இறக்குமதிக்குக் கதவைச் சாத்தவும் அனகாபுத்தூரில் தறிச்சத்தம் அடங்கத் தொடங்கியது. கலபாரிகளின் பக்கத்து ஊரான ஒக்ரிகாவின் பெயராலேயே இன்று நைஜீரியா முழுவதும் வெளிநாட்டுப் பழைய துணியைச் சொல்கிறார்கள். அதுவும் சட்டப்படித் தடைசெய்யப்பட்ட சரக்குதான், எல்லாத் தெருவிலும் விற்கிறது. அனகாபுத்தூர் புதுத்துணி போய்ச்சேர்ந்த கரையில் ஐரோப்பாவின் பழைய துணி இறங்குகிறது. நெய்தவர்களின் ஊர் வழியாக நாங்கள் பழைய துணி வாங்கப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது பம்மல், அதையொட்டி நாகல்கேணி. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை ஜன்னல் வழியாக வந்து அறிவிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியின் பேரில்தான் குரோம்பேட்டை என்ற ஊரே உண்டானது. இந்தப் பக்கம் இப்படி என்றால் நாங்கள் கிளம்பிவந்த பக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் காலணிக்கென்றே ஒரு பூங்கா. இன்னும் தள்ளிச் செய்யாற்றில் தைவானைச் சேர்ந்த ஃபெங் டே குழுமத்தின் ஆலை, நைக்கிக்காகக் காலணி தைக்கிறது. அதில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். அந்தக் காலணி ஒரு ஜோடியின் கடைவிலை, அதைத் தைக்கும் பெண்ணின் பல நாள் கூலி. இங்கே செய்த ஷூ வெளியூர்ப் பிள்ளையின் காலில் ஒரு வருடம் ஓடிவிட்டு, தைத்தவளின் பிள்ளைக்குக் குவியலில் கிடைக்குமோ என்னவோ. நான் புரட்டிப் பார்த்த சில ஜோடிகளின் நாக்கில் இந்தியாவில் தயாரானது என்றுதான் அச்சிட்டிருந்தது.

பல்லாவரத்துச் சந்தை பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிறது. வெள்ளைக்காரன் காலத்து மாட்டுச்சந்தை இப்படி ஆகிவிட்டது என்பார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தச் சாலை சாலையாக இருக்காது. கழற்றிய மின்விசிறி, தொட்டிச் செடி, லவ் பேர்ட்ஸ், டி.வி. ரிமோட்டுகள் ஒரு குன்று, கைப்பிடி இல்லாத சுத்தியல், சுத்தியல் இல்லாத கைப்பிடி. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பல்லாவரத்தில்தான் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்த ஊரில் கிடைத்த மிகப் பழைய செகண்ட் ஹேண்ட் கருவி அதுதான் என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "எவ்வளவுக்குப் போச்சு?" என்றாள்.

துணிக் குவியல்கள் தார்ப்பாயின்மேல். சட்டை தனி, பேண்ட் தனி, புடவை தனி. பிள்ளைத் துணி மட்டும் எல்லாம் கலந்து கிடக்கும். பிரிக்கப் புகுந்தால் வியாபாரிக்குப் பொழுது போய்விடும், பிரிக்காமல் விட்டால் வாங்குகிறவர்களே பிரித்துக்கொள்வார்கள். "எது எடுத்தாலும் நாப்பது, எது எடுத்தாலும் நாப்பது" என்று ஒரு பையன் பாட்டாகவே படித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் குந்தியிருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அதில் நான்கைந்து பேர் கழுத்தில் ஐடி கார்டு நாடா இன்னும் தொங்கியது.

இவள் கை வேலை செய்கிற விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனியில் இவள் நிற்பது தரம் பார்க்கிற இடம். கவுனை எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்புகிறாள். அக்குள் தையல், பக்கத் தையல், ஜிப்பின் அடிமுனை. எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இழை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். மூன்றாவது நொடியில் முடிவு. தலைமூடியோடு ஒரு ஜாக்கெட் அழகாகக் கிடைத்தது. கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற கயிறு இருந்தது. சறுக்குமரத்தில் அந்தக் கயிறு மாட்டி வெளிநாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்றும், பிள்ளைகளின் உடையில் கழுத்துக் கயிறே கூடாது என்று அமெரிக்கா தொண்ணூறுகளிலேயே நெறி வகுத்தது என்றும் சொன்னேன். கயிற்றை உருவிக் கடைக்காரப் பையனிடமே கொடுத்துவிட்டு ஜாக்கெட்டைத் திரும்பக் குவியலில் போட்டாள். கயிற்றுக்காக இல்லையாம், ஜிப் சரியில்லையாம்.

எல்லாவற்றையும் பழையதாக வாங்கினால் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நூறு ரூபாய்க்குப் புதுக் கவுன் கிடைக்கிற ஊர் இது. திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து வரும் எக்ஸ்போர்ட் மிச்சமும் செகண்ட்ஸும் பனியன் துணியில் அதைவிட மலிவு. அன்றாடம் வீட்டில் போடுகிற டீ ஷர்ட், ஜட்டி, பனியன் இவற்றைப் பழையதாக வாங்குவதில் காசும் மிச்சமில்லை, சுகாதாரமும் இல்லை. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் சீருடை நான்கு செட் இலவசமாக வந்துவிடும், காலணியும் வரும். பழைய சந்தை கைகொடுப்பது வேறு சாமான்களில்: புதுசாக வாங்கினால் விலை கூடியவை, பிள்ளை நாலு தடவைகூடப் போடாதவை. பிறந்தநாள் கவுன், ஷெர்வானி, மழைக்கோட்டு, ஸ்வெட்டர், ஆண்டுவிழா டான்ஸ் டிரஸ், ஸ்கேட்டிங் ஷூ. சென்னைப் பிள்ளை ஸ்வெட்டர் போடுவது ஊட்டி போகும்போது மட்டுந்தானே! மெட்ரிகுலேஷன் பள்ளிச் சீருடை இந்தப் பட்டியலில் முதலில் நிற்க வேண்டியது. ஆனால் அது சந்தைக்கு வருவதே இல்லை. பள்ளிக்கூடமே விற்கிற துணி, பள்ளிக்கொரு கட்டம், அந்த வளாகத்துக்கு வெளியே அதற்கு மதிப்புக் கிடையாது. ஏப்ரலில் வெளியேறும் யூ.கே.ஜி. பிள்ளையின் சீருடையை ஜூனில் நுழையும் பிள்ளைக்கு மாற்றிவிட ஒரு மேஜையும் ஒரு நாளும் போதும். எந்தப் பள்ளி போடும் அந்த மேஜையை?

ஷூக் கடைக்கு வந்தபோது அவள் பர்ஸிலிருந்து ஒரு துடைப்பக்குச்சியை எடுத்தாள். மகளைச் சுவரோரம் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து நீளமான விரல்வரை அளந்து, கட்டைவிரல் அகலம் கூட விட்டு ஒடித்த குச்சி. அதுவும் சாயங்காலம் அளந்தது. நாள் முழுக்க நின்று ஓடிய கால் மாலையில் சற்றுப் பருத்திருக்கும் என்பது இவளுக்கு லைனில் நின்று தெரிந்த சங்கதி. குச்சியை ஷூவுக்குள் விட்டால் வளையாமல் படுக்க வேண்டும்.

பழைய ஷூ வாங்குவதில் மருத்துவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு, நியாயமானது. ஒரு பிள்ளை நன்றாகப் போட்டு நடந்த ஷூ அந்தப் பிள்ளையின் காலுக்கு வார்த்துக்கொண்டுவிடும். குதியின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அடுத்து போடுகிற பிள்ளையும் அந்தச் சாய்வில்தான் நடக்கும். புதிதாக நடை பழகும் குழந்தைக்கு இது ஆகவே ஆகாது. வீட்டுக்குள் அதற்கு வெறுங்காலே நல்லது, ஷூ தேவையில்லை. பெரிய பிள்ளைகளுக்கு என்றால் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: இரண்டு குதியும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, உள்ளே விரல் பதிந்த பள்ளம் இருக்கிறதா, வளைத்தால் விரல் மடியும் இடத்தில் வளைகிறதா நடுவில் வளைகிறதா. நடுவில் வளைந்தால் வேண்டாம்.

குவியலின் உச்சியில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்று புத்தம் புதுசாக மின்னியது. யார் காலும் படாதது மாதிரி இருந்தது. அவள் கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்தினாள். கேக் உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்கிற நுரைப்பொருளில் செய்த அடி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டாலும் சிதையும், போடாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். சில வருடங்களில் தூளாகிவிடும். சென்னை மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். வளர்ந்தபின் போடட்டும் என்று ஷூவை மூன்று வருடம் அலமாரியில் வைக்கிறவர்கள் தூளைத்தான் சேமிக்கிறார்கள். ரப்பர் அடி என்றால் இந்தத் தொல்லை குறைவு.

கறுப்புப் பள்ளி ஷூ ஒன்று, ரப்பர் அடி, குச்சி வளையாமல் படுத்தது.

"எவ்ளோண்ணே?"

"இருநூறும்மா. போட்டதே இல்ல, பாரு."

"போடாமலா லேஸ்ல முடிச்சு விழுந்திருக்கு? நூறு வெச்சுக்குங்க."

"நூத்தம்பது."

அவள் பையிலிருந்து மகளுக்குச் சின்னதாகிப்போன பழைய ஷூவை எடுத்து அவர்முன் வைத்தாள். அவர் அதை வாங்கிக் குதியைத் திருப்பிப் பார்த்தார். இவள் கம்பெனியில் பார்க்கிற அதே பார்வை. "நூத்தி இருபது, இதையும் வெச்சிட்டுப் போ." பேச்சு முடிந்தது.

அந்த அண்ணனிடம் விற்காமல் போகிற துணி என்ன ஆகும் என்று கேட்டேன். தாம் ஷூ மட்டும்தான் என்றும் துணிக்காரரிடம் கேட்கும்படியும் கை காட்டினார். துணிக்காரர் நடுத்தர வயது. பாட்டுப் படிக்கும் பையனின் அப்பா. தெருவில் பாத்திரத்துக்கு மாற்றி எடுப்பவர்களிடமிருந்து மூட்டையாக வாங்கிப் பிரிப்பது அவர் வீட்டு வேலை. போடத்தக்கது சந்தைக்கு. இரண்டு மூன்று வாரம் போகாமல் நின்ற பருத்தித் துணியைப் பட்டனும் ஜிப்பும் வெட்டி எடுத்துவிட்டு எடைக்குப் போட்டுவிடுவார். லேத் பட்டறையிலும் கம்பெனியிலும் மிஷின் துடைக்க வேஸ்ட் துணியாகப் போகும். கம்பளி வகையறா வடக்கே போகிறது. அரியானாவின் பானிப்பட்டில் உலகத்துக் கம்பளிக் கந்தலையெல்லாம் கிழித்து, நூலாக்கி, மலிவுப் போர்வையாக நெய்கிறார்கள். வெள்ள நிவாரணத்தில் கைக்கு வருகிற சொரசொரத்த போர்வை பெரும்பாலும் அந்த வகைதான். "ஒரகடத்துக்கும் நம்ம சரக்குப் போகுதுக்கா" என்றார் பெருமையாக. இந்த வாரம் விலைபோகாத பிள்ளைக் கவுன் அடுத்த மாதம் இவள் வீட்டுக்காரர் கையில் எண்ணெய் துடைக்கும் துணியாக வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

பழைய துணியை இலவசமாகக் கொடுத்தால் கொதிக்கிற மனிதர்களே காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள 2004 டிசம்பருக்குப் போக வேண்டும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்த பேண்ட், குளிர்கோட்டு, துவைக்காத புடவை. மீனவ மக்கள் தொடவில்லை. சாலையோரத்தில் மலையாகக் கிடந்து மழையில் நனைந்தது. கடலில் போனது வீடும் ஆளும். மானம் போகவில்லை என்று துணியைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்கள். 1999இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பிறகு அந்தக் குவியல்களைப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. பல்லாவரத்தில் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்குகிறவளுக்கு ஜிப் சரியில்லை என்று தூக்கிப்போடும் உரிமை இருக்கிறது. இனாமாக வாங்குகிறவளுக்கு அது கிடையாது. நாற்பது ரூபாயில் பாதி அதற்கான விலை என்றே நினைக்கிறேன்.

விலை, இனாம் இரண்டையும் தாண்டி ஒரு வழியை இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். 1941 ஜூனில் அங்கே துணிக்கும் ரேஷன் வந்தது. பிள்ளைகள் ரேஷன் பார்த்து வளருவதில்லை. பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பு ஊருக்கு ஊர் குழந்தைத் துணி மாற்று நிலையங்களைத் திறந்தது. சின்னதாகிப்போன உடையையும் ஷூவையும் துவைத்துக் கொண்டுவந்தால் அதன் தரத்துக்குப் புள்ளி கொடுப்பார்கள். அந்தப் புள்ளிக்குப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு போகலாம். காசு கைமாறவில்லை, தர்மமும் இல்லை. அப்படி ஒன்றுக்கு இங்கேயும் இடம் இருக்கிறது. ஐம்பதோ அதற்குமேலோ பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று நம் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 2017இல் சொன்னது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம்வரை அப்படி எத்தனை காப்பகம் வர வேண்டும்! ஒவ்வொன்றிலும் ஒரு அலமாரி வைக்கலாம். கம்பெனிக்குச் செலவு அலமாரியின் விலை. கள்ளக்குறிச்சிப் பிள்ளையின் மழைக்கோட்டு ஒடிசாப் பிள்ளைக்குப் போக பல்லாவரம் சுற்ற வேண்டியதில்லை.

மழைக்கோட்டு என்றதும் சொல்ல வேண்டும், அதுவும் கிடைத்தது, அறுபது ரூபாய்க்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்கியதால் அறுபது; மழை பிடித்தபின் இதே பையன் நூற்றைம்பது கேட்பான். கவுன் மூன்று. மொத்தம் முந்நூறு. புதுசாக எடுத்திருந்தால் ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது என்று பஸ் ஸ்டாப்பில் நின்றபடி செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்த மிச்சம் தீபாவளிக்கு. தீபாவளித் துணி புதுசுதான், அதில் பேச்சே இல்லை. மஞ்சள் தடவிப் போடுகிற துணியைக் குவியலில் எடுக்க முடியாது.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் என்ன செய்வாள் என்று கேட்டேன். துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் மொட்டைமாடி அறையில் போட்டுவிடுவாளாம், பிறகு வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுவது. மூன்று நாள் கணக்கு யார் சொன்னது என்றால் அம்மா சொன்னதாம். சொறியை உண்டாக்கும் பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது என்று மருத்துவ நூல்களும் அதே கணக்கைத்தான் சொல்கின்றன. ஷூவின் உள்ளட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புது அட்டை இருபது ரூபாய்க்கு வாங்கி வெட்டி வைப்பாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அனகாபுத்தூர் தாண்டும்போது அவளுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. மாமியார் தீபாவளிக்கு வருகிறார். பழைய துணி என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. யாருடையது என்று தெரிந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். சந்தையில் வாங்கியது, யார் போட்டதோ என்றால் வீடு இரண்டாகும்.

"கேட்டாங்கன்னா உங்க பொண்ணோடதுன்னு சொல்லிக்கட்டுமாக்கா?"

எனக்கு இருப்பது ஒரே மகன், கல்லூரியில் படிக்கிறான் என்றேன். அவள் பைக்குள் கைவிட்டு ரோஜாப்பூ போட்ட கவுனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு எங்கக்கா தெரியப்போவுது."